சிந்தாத தால்சா

இந்த நாற்காலியில் உட்காரும் பாகம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருக்கிறது, மேடம். அரை மீட்டர் ரெக்ஸின் இருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவேன். கூலி வேண்டாம். வாக்குமூலம் கொடுக்க வருகிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் உட்காருகிற இடம் சரியாக இருக்க வேண்டும். கீழே உறுத்திக்கொண்டே இருந்தால் உண்மை பாதிதான் வரும்.

என் பெயர் ஹயாத் பாஷா. வயது ஐம்பத்தாறு. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருபத்தேழு வருடமாகக் கார் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். ஏட்டு ராசு சார் எழுதிக்கொள்கிறார், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் நிதானம்தான் பழக்கம். அவசரத்தில் போட்ட தையல் ஆறு மாதத்தில் பல்லைக் காட்டும்.

முதலில் எங்கள் ஊர்ப் பின் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் நான் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

கார் செய்கிறவன் ஐந்து பேர் உட்காரலாம் என்கிறான். அது அவன் வீட்டு ஐந்து பேர். திருநாவலூருக்குக் காதுகுத்துக்குக் கிளம்புகிற நம் ஊர்க் குடும்பத்தில் பின் சீட்டில் மட்டும் ஐந்து பெண்கள், மடியில் மூன்று பிள்ளைகள், காலடியில் சீர்வரிசைத் தட்டு. இதற்கு நடுவில் பெல்ட் மாட்டுகிற அந்த லாக் மூன்று இடத்தில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தால் யார் தொடையில் குத்தாது? புதுக் கார் எடுத்த மறுநாளே வந்து நிற்பார்கள். “பாய், அந்த லாக்க உள்ள தள்ளி மேல தெச்சுடு. பொம்பளைங்க ஏறுனா எறங்கற வரிக்கும் திட்டிகினே வராங்க.” நானும் உள்ளே தள்ளித் தைத்துவிடுவேன். நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை இது. எனக்கு முன்னால் தைத்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். லாக் வெளியே தெரிந்தால் கவர் சரியாகத் தைக்கவில்லை என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு.

முன் சீட்டிலாவது போடுவார்களா என்றால், செக்போஸ்ட் தூரத்தில் தெரிந்ததும் மேல்துண்டைப் போல இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். தாண்டியதும் விட்டுவிடுவார்கள். மரத்தில் மோதினால் ஒன்றும் ஆகாது, போலீஸ்காரர் மேல் மோதினால்தான் ஆபத்து என்பது அவர்கள் எண்ணம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம், உள்ளதைச் சொல்கிறேன்.

என் மனைவி ஜீனத்துன்னிசா மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாள். கடையில் ஓரத் தையல் முழுக்க அவளுடையதுதான். நூலின் நிறம் பார்க்க அவளைப் போல் கண் யாருக்கும் கிடையாது. லாக்கை உள்ளே தள்ளும்போதெல்லாம் “இது சரியில்லீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பாள். எங்களுக்கென்று ஒரு பழைய கார் வாங்கியபோது அதற்குக் கவர் அவளே தைத்தாள். பின் சீட்டில் வலது பக்கம், டிரைவருக்குப் பின்னால், ஓர் ஓட்டை விட்டு லாக்கை வெளியே எடுத்து வைத்தாள். சுற்றிலும் சிவப்பு நூலில் பட்டன் ஓட்டைக்குப் போடுவது போல அழகாகத் தைத்திருந்தாள்.

“இது ஒன்னு உங்களுக்கு. இங்கதான் நீங்க குந்தணும்” என்றாள்.

“எனுக்கு எதுக்கு?”

“வண்டி ஏறுனா தூங்கிடுவீங்க. தூங்கறவங்க முன்னாடி சாய்வாங்க.”

இவ்வளவுதான் பேச்சு. நல்ல மனுஷி, மேடம். இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தோம், பிள்ளை இல்லை என்று ஒருவரை ஒருவர் ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன், கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆவதற்கும் முன்னால், ரம்ஜான் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். பெரியார் அருவிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஜீனத்தின் தம்பி அக்பர் அலி ஓட்டினான். மலை வளைவில் ஜீனத்துக்கு வாந்தி வரும், அதனால் அவள் முன் சீட்டில். பின்னால் நான். பிரியாணி தேக்சா டிக்கியில் இருந்தது. தால்சாப் பானையை டிக்கியில் வைக்க முடியாது. பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுத் தளதளவென்று இருக்கிற குழம்பு, முதல் வளைவிலேயே பிரியாணியோடு கலந்துவிடும். பின் சீட்டில்தான் வைக்க வேண்டும். வைத்தாலும் உருளும். உருளாமல் பிடித்துக்கொள்ள அந்தக் காரின் பின் சீட்டில் ஒரே ஒரு பெல்ட்தான் வேலை செய்தது.

நான் பானையை வலது பக்கம் வைத்து, இரண்டு காதுக்குள்ளும் பெல்ட்டைக் கோத்து, சிவப்பு நூல் போட்ட அந்த லாக்கில் மாட்டினேன். கிளிக் என்று சத்தம் கேட்டது. நான் இடது பக்கம் நகர்ந்து ஜீனத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னாங்க, அது உங்களுக்குன்னு வுட்டது.”

“நான் இன்னா தால்சாவா, கொட்டிப் போறதுக்கு?” என்றேன்.

அக்பர் சிரித்தான். அவளும் சிரித்தாள். தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ சாலை ஓரத்தில் பலாப்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று உருண்டு நடுச்சாலைக்கு வந்திருக்கிறது. பலாப்பழத்துக்கு வழிவிட்டு அக்பர் தடுப்புக் கட்டையில் மோதினான். வேகம் ஒன்றும் இல்லை, நாற்பதுதான் இருக்கும். நான் கண் விழித்தபோது முன் சீட்டின் மேல் குப்புறக் கிடந்தேன். பலாப்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்ததும் முதலில் பானையைத்தான் பார்த்தேன். மூடி கூட நகரவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை, மேடம். அந்த விஷயத்தில் என் யோசனை சரியாகத்தான் இருந்தது.

ஜீனத் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னை ஓரமாக அழைத்து, “பின்னாடி யாரு உக்காந்திருந்தது?” என்று கேட்டார். சம்பந்தமில்லாத கேள்வி. அவள் உடம்பில் நான் பார்த்தது இதுதான்: இடது தோளில் தொடங்கி வலது இடுப்பு வரை ஒரு நீலக் கோடு. என் சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். எடுத்து அளந்தேன், இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கம்மி. பெல்ட்டின் அகலமும் அதேதான். நெஞ்செலும்பு உடைந்த இடம் எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு கொலைகாரன் கைரேகை விட்டுப் போவானா?

அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களில் அவள் அக்கா ரோஷன் பீவியும் இருந்தாள். வெளியே வந்து, “முதுகுலயும் ரெண்டு எடத்துல கன்னிப் போயிருக்குது” என்றாள். துக்க வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பெல்ட் போட்டிருந்த ஜீனத் போய்விட்டாள். பெல்ட் போடாத எனக்கு ஒரு கீறல் இல்லை. முழங்கால் இரண்டும் பத்து நாள் வலித்தது, படியேற முடியவில்லை, அவ்வளவுதான். அக்பரும் பெல்ட் போட்டிருந்தானே, அவன் எப்படிப் பிழைத்தான் என்று கேட்பீர்கள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் எதைப் பிடிப்பாள்? நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தவன் சாப்பாட்டில் கை வைக்காமல், “மச்சான், நீங்க பின்னாடி அந்தப் பக்கமே குந்தி இருந்தா…” என்று ஆரம்பித்தான். “ஆறிப் போவுது, சாப்டு” என்றேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

அன்றைக்கு நான் முடிவு செய்தேன். என் கையால் தைக்கிற எந்தக் காரிலும் பெல்ட் வேலை செய்யக் கூடாது. முன் சீட் பெல்ட்டை ஒன்றும் செய்ய முடியாது, பீப் பீப் என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பின் சீட் என்னுடையது. இதில் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது, ஊருக்குச் செய்கிற சேவை என்றுதான் நினைத்தேன்.

முதலில் சுலபமாக இருந்தது. அவர்களே கேட்டார்கள், நான் தைத்தேன். உள்ளே தள்ளியதோடு விடாமல் லாக்கை வெட்டி எடுத்தேன், பட்டையையும் உருவினேன். பட்டை வீணாகவில்லை. அதன் பலம் உங்களுக்குத் தெரியாது மேடம், இரண்டு ஆள் தொங்கினாலும் நூல் விடாது. ரிஷிவந்தியத்தில் ஒருவர் எருமைக்குத் தலைக்கயிறாகக் கேட்டு வாங்கிப் போனார். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் மூட்டை கட்ட வாங்கிப் போனார்கள். என் வீட்டு ஊஞ்சல் நான்கு பட்டையில்தான் தொங்குகிறது. நீங்கள் கடையைச் சோதனை போட்டபோது தையல் மெஷின் நாற்காலியில் ஒரு பெல்ட் இருந்ததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டீர்கள். அது எனக்கு. மெஷினில் உட்கார்ந்தால் சில நேரம் நான் முன்னால் சாய்கிறேன். மாட்டிக்கொண்டால் சாய்வதில்லை. வைத்தியத்துக்குப் போடுகிற பெல்ட் வேறு, காரில் போடுகிற பெல்ட் வேறு.

பிறகு காலம் மாறிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். சென்னையில் படிக்கிற பெண் பிள்ளைகள் லீவில் வந்து அப்பாவிடம் சண்டை போட்டார்கள். “பாய், பின்னாடி லாக்கு வெளிய தெரியணும்” என்று கேட்கிற ஆட்கள் வந்தார்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போவார்கள். அங்கே உண்மையான லாக்கை வைத்துவிடுவான். அதனால் நான் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டி வந்தது.

லாக்கை அதன் இரும்புத் தண்டிலிருந்து வெட்டி எடுத்துவிடுவேன். வெறும் தலையை மட்டும் கவரின் மேல், பஞ்சோடு சேர்த்து, நைலான் நூலில் பன்னிரண்டு தையல் போட்டு நிறுத்துவேன். சுற்றிலும் சிவப்பு நூலில் ஓரம். பெல்ட்டை இழுத்து மாட்டினால் கிளிக் என்று சத்தம் வரும். மக்களுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான். மாட்டிவிட்டு ஒரு தட்டுத் தட்டி, சாய்ந்து உட்கார்ந்து, எவ்வளவு நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள் தெரியுமா? அந்த நிம்மதியை நான் யாருக்கும் குறைத்ததில்லை.

நைனார்பாளையம் தனசேகரன் அப்படி வந்தவர்தான். கரும்பு விவசாயி, நல்ல மனிதர். அம்மா பெரியநாயகிக்கு மாதம் ஒரு முறை சேலத்தில் கண் பரிசோதனை. “பாய், அம்மாவுக்குப் பின்னாடி பெல்ட்டு கண்டிப்பா ஓணும். எனுக்கு ஒரே அம்மா” என்றார். எல்லாருக்கும் ஒரே அம்மாதான், அதை நான் சொல்லவில்லை. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் நன்றாகவே தைத்துக் கொடுத்தேன். பெரியநாயகி அம்மாள் கடைக்கே வந்து உட்கார்ந்து மாட்டிப் பார்த்து, “நல்லா இருக்குதுப்பா, நீ நல்லா இருக்கணும்” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அந்த அம்மாதான் போன புதன்கிழமை உங்கள் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். சின்னசேலம் தாண்டி, முன்னால் போன கரும்பு டிராக்டரில் தனசேகரன் மோதியிருக்கிறார். அம்மா பின் சீட்டிலிருந்து மகன் முதுகில் போய் விழுந்து, அப்படியே உருண்டு முன்னால் வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டோடு, காரிலிருந்து அறுத்து எடுத்த பெல்ட்டும் லாக்கும் இடுப்பில் மாட்டியபடியே, லாக்கோடு பிய்ந்து வந்த ஒரு சாண் ரெக்ஸினும் பஞ்சும் தொங்க, அதைக் கழற்ற மாட்டேன் என்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் பிடிவாதம் பிடித்து, அப்படியே புகார் கொடுக்க வந்துவிட்டார். எழுபது வயதில் அந்த வைராக்கியம் எல்லாருக்கும் வராது. நூலைப் பார்த்ததும் எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது தரமான நூல். பன்னிரண்டு தையலில் ஒன்றுகூட அறுபடவில்லை, துணிதான் பிய்ந்திருக்கிறது.

எத்தனை கார் என்று கேட்டீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் கிளிக் சத்தம் வருகிற மாதிரி தைத்தது அறுபத்து மூன்று. என்னை நேற்று அழைத்து வந்த உங்கள் ஸ்டேஷன் வண்டியும் அதில் ஒன்று, மேடம். போன வருடம் சீட் கிழிந்துவிட்டது என்று கொண்டு வந்தீர்கள். நேற்று என்னைப் பின்னால் உட்கார வைத்து, கைதிக்குப் பாதுகாப்பு என்று சொல்லி ராசு சாரே எனக்குப் பெல்ட் மாட்டிவிட்டார். கிளிக் என்றது. நான் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

ராசு சார், உங்கள் வெள்ளைக் காரும் உண்டு. சித்திரை மாதம் தைத்தது. பின்னால் இரண்டு பக்கமும்.

அவர் எழுந்து வெளியே போகிறார் பாருங்கள். பேனாவை மூடவில்லை, மை காய்ந்துவிடும். போனில் வீட்டுக்காரம்மாவிடம்தான் பேசுகிறார் போலிருக்கிறது. “எங்க இருக்கற? ரிஷிவந்தியம் போய்கினு இருக்கியா? யாரு ஓட்றது? பாப்பா எங்க குந்தி இருக்குது? வண்டிய ஓரங்கட்டு. நான் சொல்றேன் இல்ல, ஓரங்கட்டு!” இவ்வளவு பதறத் தேவையில்லை. பாப்பா பதினெட்டு இருபது கிலோதான் இருக்கும். முன்னால் இருக்கிறவருக்கு அது போதாது.

எதற்குப் போதாது என்று கேட்கிறீர்கள். நீங்களே எழுதிக்கொள்வதானால் அதையும் சொல்லிவிடுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஊருக்குச் சேவை என்றேனே, அது முதல் ஒரு வருடம். அதற்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. பின் சீட்டில் இருக்கிற ஆள் முன்னால் வந்து விழுந்தால், பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் பிழைப்பாரா, மாட்டாரா? ஒரே ஒருவர் பிழைத்தால் போதும், பின்னால் இருந்து வருவது ஆளைக் கொல்லாது, பெல்ட்தான் கொல்லும் என்று ஆகிவிடும். யாரோ ஒருவருக்கு அப்படி நடக்க வேண்டும். நடப்பதற்குக் கார்கள் வேண்டும். அதனால் தைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் தைத்த கார் எது மோதினாலும் எனக்குச் செய்தி வந்துவிடும், கவரைப் பிரித்துத் தைக்க என்னிடம்தான் வருவார்கள். ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பேன். ஏழு வருடத்தில் ஐந்து. முதல் மூன்றும் எனக்குச் சாதகமாக இல்லை. மூன்று வீட்டுத் துக்கத்துக்கும் போய் வந்தேன், மூன்றாவது வீட்டில் என்னால் கஞ்சி குடிக்க முடியவில்லை. நான்காவதில் பின்னால் இருந்தவருக்கு நேர் முன் சீட் காலியாக இருந்தது, அதைச் சேர்க்க முடியாது. ஐந்தாவது தனசேகரன், பெல்ட் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறார்.

தனசேகரன் பிழைத்துவிட்டார், மேடம்.

ஐந்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். முதுகெலும்பில் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, இடுப்புக்குக் கீழே உணர்வு இன்னும் வரவில்லை என்கிறார்கள். ஆனால் கண் விழித்தார், “பாய், அம்மாவுக்குப் போட்ட பெல்ட்டு இன்னா ஆச்சு?” என்று கேட்டார். பேசுகிறார், மேடம். உயிரோடு இருக்கிறார். நான் வராண்டாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். நர்சம்மா சொந்தக்காரர் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் ஊஞ்சலில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். என்னைப் பிடிக்க நீங்கள் வந்தபோது நான் ஓடவில்லை, கவனித்திருப்பீர்கள். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. இனிமேல் தைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ராசு சார் வந்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டார்களாம். நல்லது. சற்று உட்காரட்டும். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்.

பெரியநாயகி அம்மாள் எடை நாற்பத்தெட்டு கிலோ என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம், ஒடிசலான உடம்பு. என் எடை எதற்கு? இப்போது எண்பத்தாறு. அப்போது தொண்ணூற்று நான்கு. அந்த டாக்டரைப் போலவே நீங்களும் சம்பந்தமில்லாததைக் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நானூற்றுப் பன்னிரண்டு காரின் கவரையும் பிரித்துப் பாருங்கள், எந்தக் கார் யாருடையது என்று நானே சொல்கிறேன். என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற பழைய காரை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் முன்பக்க இடது சீட்டுக்குப் புதுக் கவர் போட்டிருக்கிறேன். ஜீனத் போய்ப் பதினோராம் நாள் போட்டது. அதைப் பிரிக்க வேண்டாம்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் நானே சொல்லிவிடுகிறேன். சீட்டின் முதுகுப் பக்கத் தகட்டில் இரண்டு குழி இருக்கும். உள்ளங்கை அளவு, ஒரே உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக. நடுவில் இருந்து நடுவுக்குப் பன்னிரண்டரை அங்குலம். பின்னால் உட்கார்ந்து நானும் ஒரு தரம் டேப் வைத்துப் பார்த்தேன். என் தொழிலில் அளவு தப்பாது. டேப் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நேற்று சோதனை போட்டவர் அதை மட்டும் எடுக்கவில்லை. வேண்டுமானால் நீங்களும் அளந்துகொள்ளலாம், இதோ உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

ஆனால் அவள் பெல்ட்டால்தான் செத்தாள். தனசேகரன் பிழைத்ததே அதற்குச் சாட்சி. நானூற்றுப் பன்னிரண்டு காருக்கும், மூன்று துக்க வீட்டுக்கும், தனசேகரனின் காலுக்கும் எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன், மேடம். அதில் முழங்கால் என்று ஒரு வார்த்தை இருந்தால் மட்டும் போட மாட்டேன்.